பெயரில் தொடங்கி எண்ணில் முடியுங்கள்: பிரிட்டன் நிறுவனப் பதிவேட்டை ஏபிஐ வழியாகத் தேடும் முறை

பிரிட்டிஷ் வங்கிகளுக்காகக் கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பு) பார்க்கும் குழுக்கள் சென்னையில் இருக்கின்றன. லண்டன் ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கணக்கு எழுதித் தருபவர்கள் கோவையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள். ஏற்றுமதி நிறுவனங்களில் புது வாடிக்கையாளரைத் தேடுபவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. இவர்கள் எல்லோர் மேசைக்கும் அடிக்கடி வரும் வேலை ஒன்று: ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, இது உண்மையான நிறுவனமா, இன்னும் இயங்குகிறதா, யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்வது.

ஒரு பெயர் என்றால் இணையதளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். ஐந்நூறு பெயர்கள் வந்தால்? அல்லது பெயரே இல்லாமல், ‘பர்மிங்ஹாமில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனங்களின் பட்டியல் வேண்டும்’ என்று மேலாளர் கேட்டால்? அங்கேதான் ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி, கைகொடுக்கிறது. அதைப் பயன்படுத்த முழுநேரப் புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை. இணைய முகவரியில் நிபந்தனைகளைச் சேர்க்கும் விதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, கிடைத்த பதிலைச் சரியாகப் படிப்பது. இரண்டையும் இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

இந்தக் கட்டுரையில் பாராமீட்டர் (தேடல் நிபந்தனை) பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். செய்து பார்க்கும்போது அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது?

பிரிட்டனின் நிறுவனப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு அமைப்பு கம்பெனீஸ் ஹவுஸ். தலைமை அலுவலகம் வேல்ஸின் கார்டிஃப் நகரில் இருக்கிறது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு பிரிட்டனில் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. இன்று 50 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் பதிவேட்டில் உள்ளன. 2015 ஜூன் முதல் அதன் டிஜிட்டல் தகவல்கள் எல்லோருக்கும் இலவசம். ஏபிஐக்கும் கட்டணம் இல்லை.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எட்டு இடங்கள் கொண்ட ஓர் எண் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் இலக்கங்கள் மட்டும்; ஸ்காட்லாந்து நிறுவனத்துக்கு முன்னால் ‘எஸ்சி’, வடக்கு அயர்லாந்துக்கு ‘என்ஐ’, இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான எல்எல்பி கூட்டு நிறுவனங்களுக்கு ‘ஓசி’. நிறுவனம் பெயரை மாற்றலாம், முகவரியை மாற்றலாம், இயக்குநர்களை மாற்றலாம். எண் அப்படியே இருக்கும்.

இதனால்தான் தேடல் வேலைக்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: பெயரில் தொடங்குங்கள், எண்ணில் முடியுங்கள். எண் உறுதியாகும்வரை உங்கள் தேடல் முடியவில்லை. இடையில் வரும் பாராமீட்டர்கள் எல்லாம் அந்த எண்ணை அடைவதற்கான வழிகள்.

பிரிட்டனின் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்கோ பிஎல்சி என்பது பங்குச் சந்தையில் உள்ள தாய் நிறுவனம். அதன் எண் 00445790. டெஸ்கோ ஸ்டோர்ஸ் லிமிடெட் என்பது சட்டப்படி வேறொரு நிறுவனம்; அதன் எண் 00519500. ஒப்பந்தத்தில் ஒன்றின் பெயரும், நீங்கள் சரிபார்த்த ஆவணத்தில் இன்னொன்றின் பெயரும் இருந்தால் அந்தச் சரிபார்ப்பு செல்லாது. ‘டெஸ்கோ’ என்ற சொல் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. எண் சொல்லிவிடும்.

தொடங்கும் முன்

கம்பெனீஸ் ஹவுஸின் டெவலப்பர் தளத்தில் கணக்குத் தொடங்குங்கள். அதில் ஒரு அப்ளிகேஷனை உருவாக்கி, ஏபிஐ கீ ஒன்றைப் பெறுங்கள். உண்மையான பதிவேட்டைப் பார்க்க லைவ் சூழலுக்கான கீ வேண்டும். டெஸ்ட் சூழலின் கீ அங்கே வேலை செய்யாது.

கோரிக்கை அனுப்ப போஸ்ட்மேன் போன்ற இலவசக் கருவி போதும். இந்த ஏபிஐ பேசிக் ஆத்தென்டிகேஷன் முறையைக் கேட்கிறது. யூசர்நேம் என்ற இடத்தில் ஏபிஐ கீயைப் போட வேண்டும். பாஸ்வேர்டை ஏபிஐ கண்டுகொள்வதில்லை; அதைக் காலியாக விடலாம்.  கமாண்ட் லைனில் கர்ல் பயன்படுத்துபவர்கள் கீயின் முடிவில் முக்காற்புள்ளி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கர்ல் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்.

கீ என்பது உங்கள் பெயரில் கொடுக்கப்பட்ட அனுமதி. அதை இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைக்காதீர்கள், கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். அலுவலக வேலை என்றால் அலுவலகக் கணக்கில் தனி கீ கேளுங்கள்.

கேள்விக்குறிக்கு முன்னும் பின்னும்

ஏபிஐ முகவரியில் கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது எங்கே தேடுகிறோம் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது எப்படித் தேடுகிறோம் என்பதைச் சொல்கிறது. அந்தப் பின்பகுதிதான் க்வெரி பாராமீட்டர்கள். ஒவ்வொன்றும் ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில் இருக்கும்; இரண்டுக்கு இடையில் & குறி வரும்.

/சர்ச்/கம்பெனீஸ்?க்யூ=டெஸ்கோ&ஐட்டம்ஸ்_பெர்_பேஜ்=20&ஸ்டார்ட்_இண்டெக்ஸ்=0

இதைத் தமிழில் படித்தால்: நிறுவனத் தேடலுக்குப் போ, டெஸ்கோ என்ற சொல்லைத் தேடு, ஒரு பக்கத்துக்கு 20 கொடு, முதலிலிருந்து தொடங்கு. எந்தத் தேடலையும் அனுப்பும் முன் இப்படி ஒரு வாக்கியமாகப் படித்துப் பாருங்கள். வாக்கியமாகச் சொல்ல வராத தேடல், கேள்வி தெளிவாகாத தேடல்.

இங்கே அடிக்கடி வரும் சிக்கல் நிறுவனப் பெயரில் இருக்கும் & குறி. ஏதாவது ஒரு ‘அண்ட் சன்ஸ்’ நிறுவனத்தை & போட்டு அப்படியே முகவரியில் எழுதினால், & வந்த இடத்தில் அடுத்த பாராமீட்டர் தொடங்குகிறது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். பெயரின் முன்பாதியை மட்டும் தேடி, ஏராளமான பொருந்தாத பதில்களைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். & குறியை %26 என்றும், இடைவெளியை %20 என்றும் எழுதுவதே சரி. பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் பயன்படுத்தினால், பாராமீட்டர்களை டிக்ஷனரியாகக் கொடுங்கள். இந்த மாற்றத்தை அதுவே செய்துவிடும். முகவரியைச் சொல் சொல்லாக ஒட்டித் தயாரிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியும்போது: எளிய தேடல்

கையில் பெயர் இருந்தால் மேலே காட்டிய எளிய தேடல் போதும். ‘க்யூ’ என்ற பாராமீட்டரில் தேடு சொல் போகிறது. ஜேசன் வடிவில் வரும் பதிலில் மொத்த முடிவுகளின் எண்ணிக்கையும், ஒவ்வொரு நிறுவனத்தின் பெயர், எண், நிலை, தொடங்கிய தேதி, சுருக்க முகவரி ஆகியவையும் இருக்கும்.

முதலில் வந்த முடிவையே சரியானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் எவ்வளவு பொருந்துகிறது என்பதை வைத்துத்தான் வரிசை அமைகிறது. உங்களுக்கு வேண்டிய நிறுவனம் எது என்பது ஏபிஐக்குத் தெரியாது. பெயரோடு இன்னும் இரண்டு விவரங்களாவது ஒத்துப்போக வேண்டும்: அஞ்சல் குறியீடு, தொடங்கிய ஆண்டு, இயக்குநர் பெயர் என்று எதுவாகவும் இருக்கலாம். பெயர் மட்டும் பொருந்தியதை ‘சரிபார்க்க வேண்டியவை’ என்ற தனிப் பத்தியில் வையுங்கள்.

ஒப்பிடும் முன் பெயர்களை ஒரே சீராக்குங்கள். ‘லிமிடெட்’ என்பதும் அதன் சுருக்கமும், ‘அண்ட்’ என்பதும் & குறியும், பெயருக்குள் வரும் ஒற்றை மேற்கோள் குறியும் ஒரே நிறுவனத்தை இரண்டாகக் காட்டிவிடும். பழைய பெயரையும் மறக்க வேண்டாம். வாடிக்கையாளரின் பழைய இன்வாய்ஸில் இருக்கும் பெயர் இப்போது நடப்பில் இல்லாமல் இருக்கலாம். நிறுவன விவரப் பக்கத்தில் முந்தைய பெயர்களின் பட்டியல் இருக்கும்.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 00445790 என்பதை எக்செல் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டு 445790 என்று மாற்றிவிடும். அந்த ஆறு இலக்க எண்ணைக் கொண்டு மறுபடி ஏபிஐயிடம் கேட்டால் நிறுவனம் கிடைக்காது. நிறுவன எண் பத்தியை எப்போதும் டெக்ஸ்ட் வடிவில் வையுங்கள். ஏற்கெனவே பூஜ்யங்கள் தொலைந்திருந்தால், எட்டு இடம் வரும்வரை முன்னால் பூஜ்யம் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

பெயரே தெரியாதபோது: விரிவான தேடல்

ஈரோட்டு மஞ்சளை பிரிட்டனுக்கு அனுப்ப விரும்பும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலாளரின் கேள்வி: ‘பர்மிங்ஹாமில் மசாலா மொத்த வியாபாரம் செய்யும், சில ஆண்டுகளாவது நிலைத்து நின்ற, இன்றும் இயங்கும் நிறுவனங்கள் எவை?’

இந்தக் கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பாராமீட்டர் ஆகும். முகவரி இப்போது /அட்வான்ஸ்டு-சர்ச்/கம்பெனீஸ்.

பர்மிங்ஹாம் என்பது ‘லொகேஷன்’ பாராமீட்டர்.

மசாலா மொத்த வியாபாரம் என்பது ‘எஸ்ஐசி_கோட்ஸ்’. பிரிட்டனில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தொழிலை ஐந்து இலக்கக் குறியீட்டில் சொல்ல வேண்டும். காபி, தேயிலை, கோக்கோ, மசாலா மொத்த வியாபாரத்துக்கு எண் 46370.

சில ஆண்டுகள் நிலைத்தவை என்பது ‘இன்கார்ப்பரேட்டட்_டு’. 2022-12-31 என்று கொடுத்தால் அந்த நாள்வரை தொடங்கியவை மட்டும் வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், இடையில் சிறு கோடு போட்டு எழுத வேண்டும்.

இன்றும் இயங்குபவை என்பது ‘கம்பெனி_ஸ்டேட்டஸ்’. மதிப்பு ‘ஆக்டிவ்’.

எத்தனை முடிவுகள் வேண்டும் என்பது ‘சைஸ்’. ஒரே கோரிக்கையில் 1 முதல் 5000 வரை கேட்கலாம்.

அனுப்புங்கள். பதிலில் மொத்தம் எத்தனை பொருந்தின என்ற எண்ணிக்கையை முதலில் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் நிபந்தனை இறுக்கமாக இருக்கிறது. இங்கே அதற்கு வாய்ப்பு அதிகம். மசாலா விற்பவர்கள் பலரும் பலவகை உணவுப் பொருள் மொத்த வியாபாரத்துக்கான 46390-இல் தங்களைப் பதிந்திருக்கலாம். குறியீட்டை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. நான்கு குறியீடுகள் வரை கொடுக்கலாம். ஆகவே இரண்டு குறியீடுகளையும் காற்புள்ளியிட்டுச் சேர்த்துக் கேளுங்கள்: எஸ்ஐசி_கோட்ஸ்=46370,46390. நிலைக்கான பாராமீட்டரும் இதுபோலப் பல மதிப்புகளை ஏற்கும்.

இப்போது பட்டியல் நீண்டுவிட்டால் ‘கம்பெனி_நேம்_இன்க்ளூட்ஸ்’ பாராமீட்டரில் ‘ஸ்பைஸ்’ அல்லது ‘ஃபுட்ஸ்’ போன்ற சொல்லைக் கொடுத்துச் சுருக்கலாம். வேண்டாத சொல்லை ‘கம்பெனி_நேம்_எக்ஸ்க்ளூட்ஸ்’ மூலம் விலக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிபந்தனை எத்தனை நிறுவனங்களை வெளியே தள்ளியது என்று அப்போதுதான் தெரியும். மூன்றை ஒன்றாக மாற்றினால் காரணம் புரியாது.

‘லொகேஷன்’ பற்றி ஒரு சொல். அது தேடுவது பதிவு அலுவலக முகவரியை. கிடங்கும் கடையும் வேறு ஊரில் இருக்கலாம். ஆடிட்டர் முகவரியையோ, நிறுவனம் பதிந்து தரும் ஏஜென்சியின் முகவரியையோ பதிவு அலுவலகமாகக் காட்டும் நிறுவனங்கள் ஏராளம். ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் தென்பட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ‘பர்மிங்ஹாமில் பதிவான நிறுவனங்கள்’ என்று அறிக்கையில் எழுதுங்கள். ‘பர்மிங்ஹாமில் இயங்கும் நிறுவனங்கள்’ என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை.

பக்கம் பக்கமாக எடுப்பது

எல்லா முடிவுகளும் ஒரே பதிலில் வராது. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ‘ஸ்டார்ட்_இண்டெக்ஸ்’ சொல்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பக்கத்துக்கு 100 என்றால் முதல் பக்கத்துக்கு 0, அடுத்ததற்கு 100, அதற்கடுத்து 200. இது பக்க எண் அல்ல, தாண்ட வேண்டிய பதிவுகளின் எண்ணிக்கை. 1, 2, 3 என்று கொடுத்தால் ஒரே நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் போனால், ஆழமாகப் பக்கம் புரட்டுவதைவிடத் தேதியைத் துண்டுபோடுவது நல்லது. ‘இன்கார்ப்பரேட்டட்_ஃப்ரம்’, ‘இன்கார்ப்பரேட்டட்_டு’ இரண்டையும் சேர்த்து மாதம் மாதமாகக் கேளுங்கள். ஒவ்வொரு துண்டும் அளவுக்குள் அடங்கும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் எந்த மாதத்திலிருந்து தொடர வேண்டும் என்று தெரியும். கடைசியில் நிறுவன எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். துண்டுகளின் கூட்டுத்தொகை, முழுத் தேடலில் காட்டிய மொத்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

முழுப் பதிவேடும் வேண்டும் என்றால் ஏபிஐயை அதற்காக வருத்த வேண்டாம். இயங்கும் நிறுவனங்களின் அடிப்படைத் தகவல் முழுவதையும் கம்பெனீஸ் ஹவுஸ் மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாக இலவசமாக வெளியிடுகிறது. அதை இறக்கிக்கொண்டு, சமீபத்திய நிலையை மட்டும் ஏபிஐயிடம் கேளுங்கள்.

எண் கிடைத்தபின் பார்க்க வேண்டியவை

பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் /கம்பெனி/ என்ற முகவரியோடு எண்ணைச் சேர்த்தால் முழு விவரம் வரும். இங்கே நான்கு இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, நிலையின் உள்விவரம். ‘ஆக்டிவ்’ என்று காட்டும் நிறுவனத்திலேயே ‘கம்பெனி_ஸ்டேட்டஸ்_டீட்டெய்ல்’ என்ற இடத்தில், பதிவேட்டிலிருந்து நீக்க முன்மொழியப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு இருக்கலாம். நிலையை மட்டும் பார்த்து ‘நன்றாக இயங்குகிறது’ என்று எழுதுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது, கணக்கு தாக்கல். தனியார் லிமிடெட் நிறுவனம் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் கணக்குக்குப் பதிவு நாளிலிருந்து 21 மாதம். கெடு தாண்டியிருந்தால் ‘ஓவர்டியூ’ என்ற இடத்தில் ‘ட்ரூ’ என்று வரும். ஆண்டுதோறும் தர வேண்டிய கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்டுக்கும் இதேபோல் தனி இடம் உண்டு.

மூன்றாவது, திவால் வரலாறும் அடமானமும். ‘ஹேஸ்_இன்சால்வன்சி_ஹிஸ்டரி’, ‘ஹேஸ்_சார்ஜஸ்’ என்ற இரண்டும் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். அடமானம் இருப்பதே குறை ஆகாது. கடன் வாங்கித் தொழில் செய்யும் நல்ல நிறுவனங்களிலும் அது இருக்கும். யாரிடம், எப்போது என்று அடுத்து விசாரிக்கத் தூண்டும் அடையாளம் அது.

நான்காவது, ஆட்கள். இயக்குநர் பட்டியலும், 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ வைத்திருப்பவர்களின் பட்டியலும் தனித்தனி முகவரிகளில் கிடைக்கும். இரண்டாவது பட்டியல் 2016-இல் வந்தது. இயக்குநர் பட்டியலுக்கும் பக்க அளவு, தொடக்க இடம், வரிசைமுறை ஆகிய பாராமீட்டர்கள் உண்டு. ஒரே ஆள் வெவ்வேறு நிறுவனங்களில் சற்று வேறுபட்ட பெயரிலோ முகவரியிலோ பதிவாகியிருந்தால் அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள எண்கள் இருக்கலாம். தமிழ்ப் பெயர்களில் இது மிகவும் சகஜம்; இனிஷியல் முன்னால் ஒருமுறை, தந்தை பெயர் பின்னால் ஒருமுறை என்று பதிவாகிவிடும். பிறந்த மாதம், ஆண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வேகக் கட்டுப்பாடும் பிழை எண்களும்

ஐந்து நிமிடத்துக்கு 600 கோரிக்கைகள் என்பது வரம்பு. சராசரியாக நொடிக்கு இரண்டு. தாண்டினால் 429 என்ற எண் வரும். அந்த ஐந்து நிமிடம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் நிரலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிறகு அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்தம் வையுங்கள். ஏற்கெனவே கேட்டதைச் சேமித்து வைத்து, அதையே மறுபடி கேட்காதீர்கள்.

401 வந்தால் கீயில் கோளாறு: லைவ் கீயா, அதை யூசர்நேம் இடத்தில் போட்டீர்களா என்று பாருங்கள். நிறுவன எண்ணைக் கேட்டு 404 வந்தால் அப்படி ஒரு எண் இல்லை. முதலில் தொலைந்த பூஜ்யங்களைத் தேடுங்கள். 400 வந்தால் பாராமீட்டரின் மதிப்பு தவறு. தேதி வடிவத்திலிருந்து சரிபார்க்கத் தொடங்குங்கள்.

பதிவேட்டை எவ்வளவு நம்பலாம்?

பதிவேட்டில் இருப்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தந்த தகவல். நீண்ட காலம் கம்பெனீஸ் ஹவுஸ் அதை வாங்கி வெளியிடும் வேலையைத்தான் செய்துவந்தது. போலிப் பெயர்களும், அடுத்தவர் வீட்டு முகவரிகளும் அதில் நுழைந்தன. 2023-இல் வந்த பொருளாதாரக் குற்றச் சட்டம் இதை மாற்றத் தொடங்கியது. 2024 மார்ச் 4 முதல் சந்தேகத்துக்குரிய தகவலைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் கிடைத்தது. அஞ்சல் பெட்டி எண்ணைப் பதிவு அலுவலகமாகக் காட்டுவதும் நின்றது. 2025 நவம்பர் 18 முதல் புதிதாகச் சேரும் இயக்குநர்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 12 மாத அவகாசம்.

ஆகவே பழைய பதிவுகளை எச்சரிக்கையோடு படியுங்கள். ‘பதிவேட்டின்படி’ என்ற சொல் உங்கள் அறிக்கையில் இருக்கட்டும். பணம் அனுப்பும் முடிவுக்குப் பதிவேட்டோடு வங்கிச் சான்று, ஒப்பந்தம், நேரடித் தொலைபேசி உறுதி ஆகியவையும் வேண்டும்.

இன்னொரு பொறுப்பும் நமக்கு இருக்கிறது. பதிவேட்டில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். இயக்குநரின் பெயரும் பிறந்த மாதமும் பொதுவில் கிடைக்கின்றன என்பதற்காக, அவற்றை மொத்தமாக வாரியெடுத்து விளம்பரம் அனுப்ப நமக்கு உரிமை வந்துவிடாது. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுத் தகவலுக்கும் பொருந்தும். வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் எடுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

வேறு நாட்டுக்குப் போனாலும் இதே திறமை

நார்வேயின் பதிவேடு ப்ரோன்னோய்சுண்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதன் ஏபிஐ தேடலுக்குக் கீயே கேட்பதில்லை. பிரௌசரின் முகவரிப் பட்டையிலேயே செய்து பார்க்கலாம். பெயருக்கு ‘நவ்ன்’ என்ற பாராமீட்டர், பக்கத்துக்கு ‘பேஜ்’, அளவுக்கு ‘சைஸ்’. அங்கே ‘பேஜ்’ என்பது உண்மையிலேயே பக்க எண், பூஜ்யத்தில் தொடங்கும். பக்கம் புரட்டி 10,000 பதிவுகள் வரைதான் போக முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் முழுக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். நிறுவன எண் ஒன்பது இலக்கம்.

பாராமீட்டர்களின் பெயர் மாறுகிறது, கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. எண்ணின் வடிவம் என்ன, எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது, உச்ச அளவு என்ன, தேதி எப்படி எழுத வேண்டும், இருப்பிடம் என்பது எந்த முகவரி: புதிய பதிவேடு எதைத் திறந்தாலும் முதல் அரை மணி நேரத்தில் இந்த ஐந்துக்கும் ஆவணத்தில் விடை தேடிக் குறித்துவிடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது

கேஒய்சி, சப்ளையர் சரிபார்ப்பு, விற்பனைத் தரவு, கணக்கியல் அவுட்சோர்சிங் ஆகிய துறைகளில் ‘ஏபிஐ தெரியும்’ என்ற ஒரு வரி எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. செய்துகாட்டிய வேலை சிலரிடம்தான் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைச் செய்துவையுங்கள்.

ஒன்று: நூறு நிறுவனப் பெயர்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணையும் பொருத்தத்தின் உறுதியையும் தரும் சிறு நிரல். உறுதி, சந்தேகம், கிடைக்கவில்லை என்று மூன்றாகப் பிரிக்கட்டும். சந்தேகமானதைச் சந்தேகம் என்று ஒப்புக்கொள்ளும் நிரல்தான் அலுவலகத்துக்குப் பயன்படும்.

இரண்டு: ஒரு தொழில் குறியீடு, ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு, மாதாமாதம் எத்தனை நிறுவனங்கள் புதிதாகப் பதிவாகின்றன, எத்தனை கலைக்கப்படுகின்றன என்று காட்டும் அட்டவணை. கலைக்கப்பட்டவற்றுக்கு ‘டிசால்வ்டு_ஃப்ரம்’, ‘டிசால்வ்டு_டு’ என்ற பாராமீட்டர்கள் இருக்கின்றன.

மூன்று: கொடுத்த எண்களைத் தினமும் பார்த்து, நிலை மாறினாலோ கணக்கு கெடு தாண்டினாலோ மின்னஞ்சல் அனுப்பும் கண்காணிப்பு.

எதைச் செய்தாலும் ஒரு பதிவுக் கோப்பை உடன் வையுங்கள்: என்ன கேள்வி, என்ன பாராமீட்டர்கள், எந்த நாள் எந்த நேரம், எத்தனை முடிவுகள். கீயை மட்டும் அதில் எழுதாதீர்கள். பதிவேடு தினமும் மாறுகிறது. இன்று நீங்கள் சொன்ன பதில் ஆறு மாதம் கழித்து மாறியிருக்கும்போது, ‘அன்று இப்படித்தான் இருந்தது’ என்று காட்ட அந்தக் கோப்புதான் உதவும். தணிக்கை வரும் அலுவலகங்களில் இதன் மதிப்பு உடனே புரியும். நேர்காணலிலும் நிரலைக் காட்டுவதோடு இந்தக் கோப்பையும் காட்டுங்கள்; நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும்.

இன்று மாலை கணக்குத் தொடங்கி கீ வாங்குங்கள். உங்கள் வேலையில் உண்மையாகவே வந்த ஒரு கேள்வியை எடுத்து, ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதன் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே பாராமீட்டரை எழுதி அனுப்புங்கள். வரும் பட்டியலில் பத்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, எண்ணோடு சரிபார்த்து, மேலாளரிடம் ஒரு பக்க அறிக்கையாகக் கொடுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால் அது உங்கள் மேசைக்கே முதலில் வரும்.